ஹோம்ப்ரூவும் தடையும்: கொழும்பில் கொன்சோல் திருத்துகிற ஒருவனின் அனுபவம்

வேலை முடிந்து வந்து பின்னேரங்களில் வீட்டிலேயே கேம் கொன்சோல் திருத்திக் கொடுக்கிறேன். வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்குகிற ஒரு ஒழுங்கையில் வீடு. ஒரு பக்கம் தானாக இழுக்கும் ஸ்டிக், சார்ஜ் ஏறாத யூஎஸ்பி வாய், உப்புக் காற்றில் துரு ஏறிய ஆணிகள் என்று வழக்கமான பழுதுகள்தான் அதிகம் வரும். சில வருடங்களாக அவற்றோடு இன்னொரு முறைப்பாடும் சேர்ந்துகொண்டது. "எல்லாம் வடிவா வேலை செய்யுது, ஒன்லைன் மட்டும் போகுதில்லை." இதற்குத் திறந்து பார்த்துத் திருத்த ஒன்றுமே இராது. யாரோ எப்போதோ அந்த மெஷினில் செய்த வேலைக்காகத் தயாரித்த கொம்பனி அதைத் தன் சேவையிலிருந்து நிரந்தரமாக விலக்கியிருக்கும். காசு கொடுத்து வாங்கியவருக்கு அது தெரிந்தே இருக்காது.

கொழும்பில் இது அடிக்கடி நடக்கக் காரணம் இருக்கிறது. இங்கே கைக்கு வருகிற கொன்சோல்களில் பெரும்பங்கு டுபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ யாராவது கொண்டுவந்தவை, இல்லாவிட்டால் இக்மன் விளம்பரம் பார்த்து இரண்டு மூன்று கை மாறியவை. நின்டெண்டோவுக்கோ ப்ளேஸ்டேஷனுக்கோ இலங்கைக்கென்று ஒரு ஸ்டோர் கிடையாது. வேறு நாட்டுக் கணக்கு திறந்து, கிஃப்ட் கார்ட் வாங்கித்தான் காலம் ஓட்டுகிறோம். 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறியபோது, 60 டொலர் கேம் ஒன்று 20,000 ரூபாயைத் தாண்டிப் போனது. "சிப் போட்டுத் தாங்கோ", "ஜெயில்பிரேக் பண்ணித் தாங்கோ" என்று, அதாவது கொம்பனி போட்ட பூட்டைத் திறந்து தரச் சொல்லி, ஆட்கள் அதிகம் வரத் தொடங்கியது அந்தக் காலத்தில்தான். அவர்களின் நிலைமை எனக்கு விளங்கும். ஆனால் அப்படி மாற்றிய மெஷின்கள் பிறகு ஒரு வார்த்தையும் சொல்லப்படாமல் சந்தைக்கு வந்தன. அதுதான் எனக்குக் கோபம்.

முதலில் ஒன்றைப் பிரித்துச் சொல்ல வேண்டும். ஹோம்ப்ரூ என்றால் களவாகக் கேம் இறக்குவது என்றுதான் இங்கே பலர் நினைக்கிறார்கள். கொம்பனியின் அனுமதி முத்திரை இல்லாத, நாமே எழுதிய அல்லது ஆர்வலர்கள் எழுதிய நிரலை நம் மெஷினில் ஓட்டுவதுதான் ஹோம்ப்ரூ. அக்காவின் மகள் எழுத்துப் பழகுகிற வயதில், நின்டெண்டோவின் ஸ்விட்ச் கொன்சோலில் எழுத்துக்களைத் தொட்டுச் சேர்த்துச் சொல் உருவாக்குகிற சின்ன விளையாட்டு ஒன்றை அவளுக்காக எழுதினேன். டெவ்கிட்ப்ரோ என்ற இலவசக் கருவித்தொகுப்பு அதற்குப் போதும். முதலில் ஓட்டிப் பார்த்தபோது 'தென்னை' என்ற சொல் உருக்குலைந்து வந்தது. தகரத்துக்கு முன்னால் வரவேண்டிய ஒற்றைக்கொம்பு பின்னால் நின்றது, னகரத்துக்கு முன்னால் வரவேண்டிய ஐகாரக் குறியும் அப்படியே. எழுத்துருவை ஏற்றினால் மட்டும் போதாது, குறிகளை இடம் மாற்றி அடுக்கத் தனியாக ஒரு நூலகம் வேண்டும். ஹார்ஃப்பஸ் என்பதைச் சேர்த்துத் தொகுத்த பிறகு தென்னை நேராக நின்றது. பிள்ளை அன்றைக்கே அதை வைத்து விளையாடத் தொடங்கிவிட்டாள்.

இதில் யாருடைய சொத்தையும் நான் எடுக்கவில்லை. கேமைப் பிரதி பண்ணி விற்பது வேறு. அதற்கு 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இருக்கிறது, நானும் அந்த வேலையைக் கையால் தொடுவதில்லை. ஆனால் கொம்பனியின் பயனர் ஒப்பந்தம் இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பதில்லை. அனுமதியில்லாமல் மாற்றிய மெஷின் என்றால் அதன் சேவையை நிறுத்த உரிமை உண்டு என்கிறது. இது அநியாயம் என்பதே என் எண்ணம். அநியாயம் என்று சொல்லிக்கொண்டு இருந்தால் மெஷின் தப்பாது. எனவே தடை எப்படி விழுகிறது என்று தெரிந்து வைத்திருப்பதுதான் வழி.

ஸ்விட்ச் 2017 மார்ச்சில் வந்தது. அடுத்த வருடம் ஏப்ரலில் அதன் டெக்ரா எக்ஸ்1 சிப்பின் பூட் ரொம்மில், அதாவது மெஷின் எழும்பும்போது முதலில் ஓடுகிற நிரலில், ஒரு பாதுகாப்பு ஓட்டை பகிரங்கமானது. அது தொழிற்சாலையிலேயே சிப்பில் பதியப்பட்ட பகுதி என்பதால் அப்டேட் அனுப்பி அடைக்க முடியாது. 2018 நடுப்பகுதிக்கு முன் செய்த மெஷின்களில் அந்த வாசல் இன்றைக்கும் திறந்தே கிடக்கிறது. தடை பற்றிய செய்திகளும் அதே வருடமே வரத் தொடங்கின. ஒவ்வொரு ஸ்விட்சுக்குள்ளும் அதற்கே உரிய ஒரு சான்றிதழ் இருக்கிறது, நமக்கு அடையாள அட்டை இருப்பது போல. சேர்வரோடு கதைக்கப் போகும்போதெல்லாம் அதைக் காட்டித்தான் உள்ளே போக வேண்டும். சேமித்த கேம்களை அழித்தாலும், ஃபக்டரி ரீசெட் போட்டாலும், புதுக் கணக்குத் திறந்தாலும் அது மாறாது. தடை எழுதப்படுவது அந்தச் சான்றிதழுக்கு எதிரே. ஒருவர் செய்ததற்கு அடுத்ததாக வாங்குகிறவர் மாட்டிக்கொள்வது இதனால்தான்.

கேம்களுக்கும் இப்படித்தான். கேம் கார்ட் ஒவ்வொன்றிலும் நின்டெண்டோ கையொப்பமிட்ட தனிச் சான்றிதழ் ஒன்று உண்டு. டிஜிட்டலாக வாங்கியதென்றால் கேமோடு வருகிற உரிமைச் சீட்டிலேயே எந்த மெஷின், எந்தக் கணக்கு என்பது பதிந்திருக்கும். வாங்காத கேமோடு ஒன்லைன் போகிறவர் சிக்குவதற்குப் பெரிய துப்பறிதல் ஒன்றும் தேவையில்லை.

கொட்டாஞ்சேனையிலிருந்து வந்த ஒரு தம்பியின் கதையைச் சொல்கிறேன், ஏனென்றால் ஏறத்தாழ எல்லோருடைய கதையும் அதுதான். தங்கச்சிக்கென்று பழைய ஸ்விட்ச் ஒன்று வாங்கியிருந்தான்.

"வாங்கேக்க மரியோ கார்ட் போட்டுக் காட்டினவர் அண்ணா. நல்லாத்தான் ஓடினது. அப்டேட்டும் ஏறுது. அப்ப எப்பிடி பான் ஆகியிருக்கும்?"

"ஈஷொப்பைத் திறந்து பார்த்தீங்களா தம்பி?"

"இல்லை. அதுக்கு எக்கவுண்ட் வேணுமெண்டு வந்தது, விட்டுட்டன்."

என் பரிசோதனைக் கணக்கைச் சேர்த்து, நின்டெண்டோவின் ஒன்லைன் கடையான ஈஷொப்பை அழுத்தினேன். கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு 2124-4007 என்ற எண் வந்தது. இந்தக் கொன்சோலின் ஒன்லைன் சேவை நின்டெண்டோவால் மட்டுப்படுத்தப்பட்டுள்ளது என்பதே அதன் பொருள். பிறகு வலப்பக்கக் கைப்பிடியான ஜோய்கொன்னைக் கழற்றி, அது சறுக்கிப் போகிற தண்டவாளத்தின் அடியில் இருக்கும் பத்துத் தொடுமுனைகளையும் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். ஒன்பது பளபளவென்று இருந்தன. கடைசியில் மட்டும் குறுக்குமறுக்காகக் கீறல். பழைய ஸ்விட்சை அந்த ஓட்டை வழியாக எழுப்ப, பத்தாவது முனையைத்தான் மின்சுற்றின் நிலத்தோடு (கிரவுண்ட்) இணைக்க வேண்டும். அதற்கென்று செய்த பிளாஸ்டிக் துண்டு பாவித்தால் தடயமே தெரியாது. யாரோ பேப்பர் கிளிப்பை வளைத்துச் செருகியிருக்கிறார்கள். விற்றவருடைய தொலைபேசி அதற்குள் நின்றுபோயிருந்தது.

அந்தத் தம்பியை ஏமாற்றியது அப்டேட்தான். தடை செய்த ஸ்விட்சுக்கும் சிஸ்டம் அப்டேட் வந்துகொண்டே இருக்கும். "அப்டேட் ஏறுது, அப்ப பிரச்சினை இல்லை" என்று விற்பவர் சொன்னால் அதை ஒரு சாட்சியாக எடுக்காதீர்கள். நெட் இணைப்புப் பரிசோதனையில் 'வெற்றி' என்று வருவதையும் அப்படியே. ஈஷொப் திறக்க வேண்டும், திறந்து கேம் பட்டியல் வர வேண்டும். அதனால் வாங்கப் போகும்போது ஃபோனில் டேட்டா போட்டுக்கொண்டு போய் ஹொட்ஸ்பொட் கொடுங்கள். பரிசோதனைக்கென்றே ஒரு நின்டெண்டோ கணக்கை முதல்நாளே திறந்து வையுங்கள். கேம்கள் வாங்கி வைத்திருக்கும் உங்கள் முக்கிய கணக்கை, முன்பின் தெரியாதவரின் மெஷினில் போட வேண்டாம். பார்த்து முடிந்ததும் அந்தக் கணக்கை அங்கேயே நீக்கிவிடுங்கள். ஈஷொப் 2124-4007 காட்டாமல் வேறு ஏதாவது பிழையைத் திரும்பத் திரும்பக் காட்டினாலும் வாங்காதீர்கள். சான்றிதழ் இருக்கும் பகுதியை வெறுமையாக்கிய மெஷின்களும், இன்னொரு மெஷினின் சான்றிதழை ஏற்றிய மெஷின்களும் சந்தையில் உண்டு.

"இவ்வளவு நாளா பாவிக்கிறன், ஒண்டும் நடக்கேல்லை" என்று சொல்கிறவர்களுக்குப் பழைய வரலாற்றைக் காட்டத்தான் வேண்டும். 2009 நவம்பரில், பெரிய கேம் ஒன்று வெளிவரும் தறுவாயில், மைக்ரோசொஃப்ட் மாற்றம் செய்த எக்ஸ்பொக்ஸ் 360களை ஒரே அலையில் எக்ஸ்பொக்ஸ் லைவிலிருந்து விலக்கியது. சோனி 2011 பெப்ரவரியில் ப்ளேஸ்டேஷன் 3க்கு அதே தடை வரும் என்று எச்சரிக்கை விடுத்தது. 2017 மே மாதம் மாற்றம் செய்த நின்டெண்டோ 3டிஎஸ் பாவித்தவர்களுக்கு 002-0102 என்ற தடை எண் வந்தது. தகவல் முதலே சேர்ந்து கிடக்கலாம், தண்டனை பிறகு மொத்தமாக வரலாம். இன்றைக்கு ஒன்றும் நடக்காததை வைத்து நாளைக்கும் நடக்காது என்று சொல்ல முடியாது.

இனி நான் எப்படி வைத்திருக்கிறேன் என்று சொல்கிறேன். ஹோம்ப்ரூவுக்கு ஒரு பழைய ஸ்விட்ச், ஒன்லைன் விளையாட இன்னொன்று. காசு இருக்கிறவனின் தீர்வு என்று தோன்றலாம். திரை கீறிய, ஜோய்கொன் இல்லாத பழைய மெஷினே ஹோம்ப்ரூவுக்குத் தாராளம், அது மலிவாகவே கிடைக்கும். ஒரே மெஷினில் இரண்டையும் செய்ய விரும்புகிறவர்கள் ஈமுஎம்எம்சி என்ற முறையைப் பாவிக்கிறார்கள். உள் மெமரியை அப்படியே மைக்ரோ எஸ்டி கார்டில் பிரதி எடுத்து, ஹோம்ப்ரூ எல்லாவற்றையும் அந்தப் பிரதிக்குள் ஓட்டுவது. உள் மெமரி கை படாமல் இருக்கும். நல்ல முறைதான். ஆனால் இங்கேதான் பலர் தவறாக விளங்கிக்கொள்கிறார்கள்: மெமரி இரண்டு, சான்றிதழ் ஒன்று. பிரதிக்குள் இருந்துகொண்டு நின்டெண்டோ சேர்வருக்குப் போனாலும் காட்டப்படுவது அதே சான்றிதழ்தான். தடை வந்தால் கை படாத பக்கத்துக்கும் சேர்த்தே வரும்.

அதனால் பிரதிப் பக்கத்தில் இரண்டு பூட்டுப் போட வேண்டும். ஒன்று, ஹோம்ப்ரூ ஓட்ட ஆர்வலர்கள் எழுதிய மாற்று மென்பொருளான அட்மொஸ்ஃபியரின் எக்ஸோஸ்ஃபியர் அமைப்புக் கோப்பில், ஈமுஎம்எம்சியில் ஓடும்போது சான்றிதழ் இருக்கும் அடையாளப் பகுதியை வெறுமையாகக் காட்டச் சொல்கிற வரியை 1 ஆக்குவது. மற்றது, ஹோஸ்ட்ஸ் கோப்புறையில் ஈமுஎம்எம்சிக்கென்று தனிக் கோப்பு எழுதி, நின்டெண்டோ முகவரிகள் எல்லாவற்றையும் மெஷினுக்கே திருப்பிவிடுவது. மெஷின் அறிக்கை அனுப்பும் முகவரிகளை அட்மொஸ்ஃபியர் தானாகவே தடுக்கும், ஆனால் நின்டெண்டோ முகவரிகள் எல்லாவற்றையும் தடுக்காது. அந்தக் கோப்பை நீங்கள்தான் எழுத வேண்டும். இரண்டும் போட்ட பிறகும் என் ஹோம்ப்ரூ மெஷினில் வீட்டு வைஃபை கடவுச்சொல்லைச் சேமிப்பதில்லை. நிரலை மாற்றும்போது கார்டைக் கழற்றி மடிக்கணினியில் போடுகிறேன். அது கொஞ்சம் சிரமம், அவ்வளவுதான்.

எதையும் தொடுவதற்கு முதல் ஹெகாட்டே என்ற கருவி மூலம் உள் மெமரி முழுவதையும் பிரதி எடுத்து, மெஷினின் மறைகுறியாக்கச் சாவிகளோடு சேர்த்து இரண்டு இடத்தில் வைத்துவிடுங்கள். 32 ஜிபி என்பது இன்றைக்கு ஒரு பெரிய இடமில்லை. தடையை அந்தப் பிரதி நீக்காது. மெஷின் எழும்பாமல் போனால் காப்பாற்றும். எஸ்டி கார்டை எக்ஸ்ஃபட்டில் வைக்காமல் ஃபட்32இல் ஃபோர்மட் செய்யுங்கள். எக்ஸ்ஃபட்டில் ஹோம்ப்ரூ ஓடும்போது கோப்புகள் சிதைவதை நானே பல மெஷின்களில் பார்த்திருக்கிறேன். கார்ட் வாங்கும் இடமும் முக்கியம். புறக்கோட்டை நடைபாதையில் 512 ஜிபி என்று மலிவாகத் தருகிறவற்றில் உள்ளே அதில் ஒரு பங்குகூட இராது. வாங்கியவுடன் முழுக் கொள்ளளவையும் எழுதிப் பார்க்கிற மென்பொருளால் சோதித்துவிட்டுத்தான் மெஷினில் போடுங்கள்.

ஸ்விட்ச் 2 வந்த பிறகு நிலைமை இன்னும் இறுகிவிட்டது. அது 2025 ஜூன் 5ஆம் திகதி வெளியானது. அதற்கு முதல் மாதமே நின்டெண்டோ தன் ஒப்பந்தத்தைத் திருத்தி, விதி மீறினால் கொன்சோலை முழுதாகவோ பகுதியாகவோ நிரந்தரமாகப் பயனற்றதாக்கலாம் என்ற வரியைச் சேர்த்தது. வெளியான மாதத்திலேயே மிக் ஸ்விட்ச் என்ற ஃபிளாஷ் கார்டை, அதாவது கேம் பிரதிகளை ஏற்றி அசல் கார்ட் போலப் பாவிக்கிற கார்டை, செருகியவர்களுக்கு 2124-4508 என்ற தடை எண் வந்தது. சொந்தமாக வாங்கிய கேம்களின் பிரதியைத்தான் அதில் வைத்திருந்தேன் என்று சொன்னவர்களும் தப்பவில்லை.

மிக் ஸ்விட்சைக் கையால் தொடாதவர்களும் இதில் மாட்டலாம். கொழும்பில் பழைய கேம் கார்ட் கைமாறுவது மிகச் சாதாரணம். விளையாடி முடித்ததை விற்று அடுத்ததை வாங்குவதுதான் நம் பிள்ளைகளின் வழக்கம். விற்றவர் அந்தக் கார்டைப் பிரதி எடுத்துத் தன் ஃபிளாஷ் கார்டில் வைத்துக்கொண்டு ஒன்லைன் போகிறார் என்று வையுங்கள். நீங்கள் உண்மையான கார்டோடு போகிறீர்கள். ஒரே சான்றிதழ் இரண்டு மெஷின்களில் தெரிகிறது. எது அசல் என்று சேர்வருக்கு எப்படித் தெரியும்? வெளிநாட்டில் பழைய கார்ட் வாங்கிய ஒருவருக்கு இப்படியே தடை விழுந்தது. அவர் விற்பனை விளம்பரத்தையும் கார்டுகளின் படங்களையும் கொடுத்து உதவிப் பிரிவோடு கதைத்து நீக்கிக்கொண்டார். ஆகவே பழைய கார்ட் வாங்கினால் விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷொட், விற்பவரோடு நடந்த வட்ஸ்அப் உரையாடல், காசு போட்ட ரசீது, கார்டின் முன்பக்கம் பின்பக்கம் இரண்டினதும் படம், இவ்வளவையும் ஒரு கோப்புறையில் போட்டு வையுங்கள். இலங்கையில் போய் முறையிட ஒரு அலுவலகம் இல்லை. உங்கள் கணக்கு எந்த நாட்டுக்குரியதோ அந்த நாட்டு உதவிப் பிரிவோடுதான் ஆங்கிலத்தில் கதைக்க வேண்டியிருக்கும், அப்போது கையில் ஆதாரம் இருப்பது பெரிய பலம்.

ப்ளேஸ்டேஷன் 4 பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 9.00, 11.00 போன்ற குறிப்பிட்ட ஃபேர்ம்வெயார் (உள் மென்பொருள்) பதிப்புகளில் நிற்கிற மெஷினில்தான் ஹோம்ப்ரூ ஓடும். ஒன்லைன் போக வேண்டுமென்றால் கடைசி அப்டேட் போட்டே ஆக வேண்டும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க மெஷினே வற்புறுத்திவிடுகிறது. ஹோம்ப்ரூ மெஷினில் தானாக அப்டேட் ஆகும் வசதியை நிறுத்தி வையுங்கள், அது போதும்.

தடை பற்றிய பயமே இல்லாமல் ஹோம்ப்ரூ பழக விரும்புகிறவர்களை நான் முதலில் இரண்டு பக்கம் அனுப்புகிறேன். ஒன்று, நின்டெண்டோவின் வீ (Wii), 3டிஎஸ் போன்ற பழைய கொன்சோல்கள். வீயின் ஒன்லைன் விளையாட்டு 2014 மே மாதமும், அதன் கடை 2019 ஜனவரியிலும் மூடின. 3டிஎஸ் ஈஷொப் 2023 மார்ச்சிலும், ஒன்லைன் விளையாட்டு 2024 ஏப்ரலிலும் நின்றுபோயின. சேவையே போய்விட்ட மெஷினில் தடைக்கு என்ன பெறுமதி? மற்றது எக்ஸ்பொக்ஸ். கடையில் வாங்கும் சாதாரண எக்ஸ்பொக்ஸ் ஒன்றையே உருவாக்குநர் நிலைக்கு மாற்ற 2016 முதல் மைக்ரோசொஃப்ட் அனுமதிக்கிறது. உருவாக்குநர் கணக்கொன்றைப் பதிந்துவிட்டால் சொந்த நிரலை முறையாகவே ஓட்டலாம். மறுபடி கேம் விளையாட, உருவாக்குநர் நிலையிலிருந்து வெளியேறத் தெரிவு செய்தால் மெஷின் ரீஸ்டார்ட் ஆகி வழமையான நிலைக்கு வந்துவிடும். ஒரு கொம்பனியால் இதைச் செய்ய முடியும் என்றால் மற்றவற்றாலும் முடியும். பிள்ளைக்கு எழுத்துப் பழக்க நிரல் எழுதுகிறவனையும் கேம் திருடி விற்கிறவனையும் ஒரே பட்டியலில் போடுவதற்கு வேறு வழியே இல்லை என்பது உண்மையல்ல.

கொட்டாஞ்சேனைத் தம்பிக்கு நான் மெஷினைத் திருப்பிக் கொடுத்தபோது உள்ளதைச் சொன்னேன்: தடை போகாது, ஆனால் கார்டில் வாங்கிய கேம் எல்லாம் ஓடும், இரண்டு பேர் அருகருகே இருந்து விளையாடலாம், டீவியில் போடலாம். தங்கச்சி அதையே வைத்திருக்கிறாள். "வேற ஆளுக்கு வித்துடவா அண்ணா?" என்று அவன் முதலில் கேட்டது உண்மை. விற்கலாம், பிழை எண்ணை விளம்பரத்தின் முதல் வரியிலேயே போட்டு விற்கலாம். அப்படி எழுதினால் யாரும் வாங்க மாட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். என்னைப்போல நிரல் எழுதுகிறவர்களுக்கு அந்த மெஷின்தான் தேவை. இப்போதும் ஒன்று தேடிக்கொண்டிருக்கிறேன். திரை உடைந்திருந்தாலும் பரவாயில்லை, 2018 நடுப்பகுதிக்கு முந்தியதாக இருந்தால் போதும்.